தொலைவின் விலை: ஃபூரியர் உருமாற்றத்துக்கான இணைநிலை வன்பொருள் அமைப்புகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



ஒரு சமிக்ஞையில் எந்தெந்த அலைவெண்கள் எவ்வளவு வலுவுடன் கலந்திருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் கணக்கு ஃபூரியர் உருமாற்றம். வைஃபை பெட்டி, கைபேசி, எம்.ஆர்.ஐ. கருவி, ரேடார், வானொலித் தொலைநோக்கி ஆகிய எல்லாவற்றிலும் இது ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. 1024 மாதிரிகளை எடுத்து வரையறைப்படியே நேராகக் கணக்கிட்டால் 10,48,576 கலப்பெண் பெருக்கல்கள் தேவை. விரைவு ஃபூரியர் உருமாற்றம், அதாவது எஃப்.எஃப்.டி., அதை 5,120 பெருக்கல்களில் முடித்துவிடுகிறது. ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு.

ஐபிஎம் நிறுவனத்தின் ஜேம்ஸ் கூலியும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், பெல் ஆய்வகம் இரண்டிலும் பணியாற்றிய ஜான் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட கட்டுரையால் இந்த முறை உலகுக்குத் தெரிந்தது. இதே உத்தியை 1805 வாக்கிலேயே கார்ல் ஃபிரெடரிக் காவுஸ், பல்லாஸ் என்ற சிறுகோளின் பாதையைக் கணக்கிடுவதற்காக லத்தீனில் எழுதி வைத்திருந்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1866-இல் அது அச்சேறியது. கூலி, டூக்கி கட்டுரைக்குப் பின்னால் ரிச்சர்ட் கார்வின் என்ற இயற்பியலர் இருந்தார். சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கவலை. கூலியிடம் அவர் சொன்ன காரணமோ ஹீலியம்-3 படிகம் பற்றிய ஆராய்ச்சி.

பெருக்கல்கள் குறைந்ததோடு இந்தக் கதை முடிந்துவிட்டது என்றே பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. வன்பொருள் வடிவமைப்பாளருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து ஒன்றே: இணைநிலை எஃப்.எஃப்.டி. வன்பொருளில் அமைப்புக்கு அமைப்பு வேறுபடுவது கணக்கிடும் முறை அல்ல, ஒன்றையொன்று சந்திக்க வேண்டிய எண்களை ஓரிடத்துக்குக் கொண்டுவரும் முறையே. அந்த எண்களுக்கிடையே உள்ள தொலைவை எந்த அமைப்பாலும் ஒழிக்க முடியாது. நினைவகமாகவோ கம்பியாகவோ அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும். எதைக் கொடுப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கை இருக்கிறது.

1. சந்திப்புகளின் வரைபடம்

எஃப்.எஃப்.டி.யின் அடிப்படை அலகுக்குப் பட்டாம்பூச்சி என்று பெயர். வரைபடத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் தோற்றத்தால் வந்த பெயர் அது. இரண்டு எண்கள் உள்ளே வரும். அவற்றின் கூட்டுத்தொகை ஒரு வழியாகவும் வித்தியாசம் இன்னொரு வழியாகவும் வெளியேறும். வித்தியாசம் மட்டும் ஒரு சுழற்றுக் காரணியால், அதாவது அதைக் குறித்த கோணத்துக்குச் சுழற்றும் கலப்பெண்ணால், பெருக்கப்படும். இதைவிட எளிய கணக்கு வேறு இருக்க முடியாது.

எந்த எண் எதோடு சந்திக்கிறது என்பதில்தான் சிக்கல். எட்டுப் புள்ளி உருமாற்றத்தை எடுத்துக்கொண்டு, மாதிரிகளுக்கு 0 முதல் 7 வரை எண் கொடுப்போம். முதல் கட்டத்தில் 0-உம் 4-உம், 1-உம் 5-உம் என்று நான்கு இடம் தள்ளியுள்ளவை சேர்கின்றன. இரண்டாம் கட்டத்தில் இடைவெளி இரண்டு, மூன்றாம் கட்டத்தில் ஒன்று. 5-ஆம் இடத்தைத் தொடர்ந்து போனால் இதன் ஒழுங்கு புலப்படும். ஈரடிமான முறையில் 5 என்பது 101. முதல் பிட்டை மாற்றினால் 001, அதாவது 1. நடு பிட்டை மாற்றினால் 111, அதாவது 7. கடைசி பிட்டை மாற்றினால் 100, அதாவது 4. மூன்று கட்டங்களில் 5-ஆம் இடத்தின் இணைகள் முறையே 1, 7, 4. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிட்டை மட்டும் மாற்றுகிறது. கடைசியில் ஒவ்வொரு விடையிலும் எட்டு மாதிரிகளின் பங்கும் கலந்துவிடுகிறது.

1024 புள்ளிகள் என்றால் பத்துக் கட்டங்கள், கட்டத்துக்கு 512 பட்டாம்பூச்சிகள், இடைவெளி 512-இல் தொடங்கி ஒவ்வொரு கட்டத்திலும் பாதியாகி 1-இல் முடியும். ஒரே கட்டத்துக்குள் இருக்கும் 512 பட்டாம்பூச்சிகளும் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யலாம். இணைநிலைக்கு இதைவிடத் தோதான கணக்கு அரிது என்று தோன்றும். எண்கள் போய்ச் சேர வேண்டிய வழியைப் பார்க்காதவரை அது உண்மைதான்.

2. ஒரு நினைவகம், ஒரு கணக்கி

எளிய அமைப்பில் ஒரே ஒரு பட்டாம்பூச்சிக் கணக்கி இருக்கும். நினைவகத்திலிருந்து இரண்டு எண்களை எடுத்து, கணக்கிட்டு, விடைகளை எடுத்த இடங்களிலேயே திரும்ப வைக்கும். 1024 புள்ளிகளுக்கு இந்தச் சுற்று 5,120 முறை.

கணக்கி ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் ஓய்வின்றி ஓட வேண்டுமானால், ஒரே துடிப்பில் இரண்டு எண்களைப் படிக்கவும் இரண்டு எண்களை எழுதவும் வேண்டும். துடிப்புக்கு ஒரு படிப்பு, ஒரு எழுத்து என்று மட்டுமே தாங்கும் நினைவகத்தை வைத்துக்கொண்டு இது நடக்காது. ஆகவே நினைவகத்தை இரண்டு தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது? 0 முதல் 3 வரை ஒன்றிலும் 4 முதல் 7 வரை இன்னொன்றிலும் வைத்தால் முதல் கட்டம் ஓடும். இரண்டாம் கட்டத்தில் 0-உம் 2-உம் ஒரே தொகுதியில் மாட்டிக்கொள்ளும். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்தாலோ கடைசிக் கட்டம் ஓடும், முதல் கட்டத்தில் மோதும்.

டேனி கோஹன் 1976-இல் கையாண்ட தீர்வு இத்துறையின் மிக அழகான சிறு கண்டுபிடிப்புகளில் ஒன்று. இட எண்ணை ஈரடிமானத்தில் எழுதி, அதில் உள்ள ஒன்றுகளை எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை இரட்டைப்படையானால் முதல் தொகுதி, ஒற்றைப்படையானால் இரண்டாம் தொகுதி. அதன்படி 0, 3, 5, 6 ஒரு தொகுதியிலும் 1, 2, 4, 7 மற்றதிலும் அமைகின்றன. எந்தக் கட்டத்திலும் இணைகள் ஒரே ஒரு பிட்டில்தான் வேறுபடுகின்றன என்று பார்த்தோம். ஒரு பிட் மாறினால் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒன்று கூடும் அல்லது குறையும். ஆகவே இணைகள் எப்போதும் வெவ்வேறு தொகுதிகளில்தான் இருக்கும். மூன்று கட்டங்களாயினும் முப்பது கட்டங்களாயினும் மோதல் இல்லை. இதற்கு வேண்டிய சுற்று வெறும் சில எக்ஸ்-ஆர் கதவுகள். 1992-இல் எல். ஜி. ஜான்சன் இதையே நான்கடிமானம், எட்டடிமானம் போன்றவற்றுக்கும் விரித்தார். நான்கு எண்களை ஒரே நேரத்தில் எடுக்கும் கணக்கிக்கு நான்கு தொகுதிகள் வைத்து, இட எண்ணின் நான்கடிமான இலக்கங்களைக் கூட்டி, நான்கால் வகுத்த மீதியைத் தொகுதியின் எண்ணாகக் கொள்ள வேண்டும்.

இந்தத் தீர்வில் ஒரு பெருக்கல்கூடக் குறையவில்லை என்பதை அவையினர் கவனிக்க வேண்டும். குறைந்தது காத்திருப்பு மட்டுமே.

3. பைப்லைன்: தொலைவு காத்திருப்பாகும் இடம்

மாதிரிகள் இடைவிடாமல் ஓடிவந்துகொண்டே இருக்கும் ரேடார் போன்ற பயன்பாடுகளில் எல்லாவற்றையும் சேமித்து வைத்துப் பிறகு கணக்கிட நேரம் இல்லை. அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் கணக்கியை வைத்து, தொடராக இணைக்கிறார்கள், இதுவே பைப்லைன். எஃப்.எஃப்.டி. வன்பொருள் பற்றிய மதிப்பாய்வை 1969-லேயே கிளென் பெர்க்லண்ட் எழுதினார். 1970-இல் குரோகின்ஸ்கியும் வொர்க்ஸும் பைப்லைன் அமைப்பொன்றை விவரித்தார்கள். இன்று பரவலாகப் பயன்படும் ஒற்றைத்தடப் பின்னூட்ட அமைப்பு 1984-இல் வோல்டும் டெஸ்பெய்னும் எழுதிய கட்டுரை வழியாக நிலைபெற்றது.

அது வேலை செய்யும் விதத்தை அருகில் போய்ப் பார்ப்பது பயன் தரும். எட்டுப் புள்ளி அமைப்பின் முதல் கட்டத்தில் நான்கு எண்களைத் தாங்கும் பதிவகம் ஒன்று இருக்கும். முதல் நான்கு துடிப்புகளில் 0 முதல் 3 வரையான மாதிரிகள் அதில் நுழைந்து காத்திருக்கும். ஐந்தாம் துடிப்பில் மாதிரி 4 வாசலுக்கு வரும்போது, பதிவகத்தின் மறுமுனையிலிருந்து மாதிரி 0 வெளியே வரும். இரண்டும் பட்டாம்பூச்சியில் சந்திக்கின்றன. கூட்டுத்தொகை அடுத்த கட்டத்துக்குப் போகும். வித்தியாசத்துக்கு இப்போது போக இடமில்லை. ஆனால் மாதிரி 0 காலி செய்த இடம் பதிவகத்தில் இருக்கிறது, வித்தியாசம் அங்கே திரும்பிச் சென்று குடியேறும். இப்படி நான்கு துடிப்புகள். ஒன்பதாம் துடிப்பில் அடுத்த தொகுப்பின் முதல் நான்கு மாதிரிகள் உள்ளே வரத் தொடங்கும்போது, காத்திருந்த வித்தியாசங்கள் ஒவ்வொன்றாக வெளியேறிப் பெருக்கியின் வழியே அடுத்த கட்டத்துக்குச் செல்லும். பதிவகத்தில் ஒரு துடிப்புகூட இடம் வீணாவதில்லை. கணக்கிதான் பாதி நேரம் சும்மா இருக்கிறது.

அடுத்த கட்டங்களில் பதிவகம் இரண்டு, ஒன்று என்று சுருங்குகிறது. மொத்தம் ஏழு இடங்கள். 1024 புள்ளிகளுக்கு 512, 256 என்று தொடங்கி 1 வரை கூட்டினால் 1023. இந்த எண் தற்செயலானதல்ல. மாதிரி 0 தன் இணையான மாதிரி 512 வரும்வரை காத்திருந்தே தீர வேண்டும். நேரத்தில் உள்ள அந்தத் தொலைவுதான் சில்லில் நினைவகமாகப் படிகிறது. பலதடத் திசைமாற்றி என்ற பழைய அமைப்பு இதே வேலைக்கு 1534 இடங்களை எடுத்துக்கொண்டது.

பெருக்கிகள் பக்கமும் முன்னேற்றம் நடந்தது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேயும் டோர்க்கல்சனும் 1996-இல் சுழற்றுக் காரணிகளை மாற்றி அடுக்கினார்கள். ஒன்றுவிட்ட கட்டங்களில் சுழற்சி 90 பாகை மட்டுமே இருக்கும்படி செய்தார்கள். 90 பாகை சுழற்றுவதற்குப் பெருக்கியே வேண்டாம், மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் இடம் மாற்றி ஒரு குறியைத் திருப்பினால் போதும். 1024 புள்ளிகளுக்கு எட்டாக இருந்த கலப்பெண் பெருக்கிகள் நான்காயின. கூட்டிகள் 20 என்ற அளவிலேயே நின்றன. நினைவகமோ அதே 1023. பெருக்கிகளை எவ்வளவு திறமையாக ஒழித்தாலும் 1023 அசையவில்லை. இச்சொற்பொழிவின் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெருக்கியே இல்லாத வழியும் உண்டு. ஜாக் வோல்டர் பி-58 குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டிக் கணினிக்காக உருவாக்கி 1959-இல் வெளியிட்ட கார்டிக் முறை, சுழற்சியைக் கூட்டல்களாகவும் பிட் நகர்த்தல்களாகவும் உடைத்துவிடுகிறது. டெஸ்பெய்ன் 1974-இல் அதை எஃப்.எஃப்.டி.யில் பொருத்தினார்.

4. பல தடங்கள்

ஒரு துடிப்புக்கு ஒரு மாதிரி என்பது எல்லா இடத்திலும் போதாது. அகன்ற அலைவரிசை வானொலியின் ஒரு வகையில் நொடிக்கு 52.8 கோடி மாதிரிகள் வந்து 128 புள்ளி உருமாற்றத்துக்குள் நுழைகின்றன. அந்த வேகத்தில் கடிகாரத்தை ஓட்டினால் மின்சாரம் கட்டுப்படியாகாது. மாதிரிகளை நான்கு தடங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு தடமும் 132 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடினால் போதும்.

தடங்களை இரட்டிப்பாக்கும்போது கூட்டிகளும் பெருக்கிகளும் ஏறத்தாழ இரட்டிப்பாகின்றன, அதில் வியப்பில்லை. நினைவகம் இரட்டிப்பாவதில்லை என்பதே வியப்பு. காரிடோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட முன்னூட்ட அமைப்புகளில் நினைவகத் தேவை, புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து தடங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது. 1024 புள்ளிகள், நான்கு தடங்கள் என்றால் 1020. கணக்கிகளும் இங்கே சும்மா இருப்பதில்லை, பின்னூட்ட அமைப்பில் இருந்த பாதி நேர ஓய்வு மறைந்துவிடுகிறது. இதற்கு ஓராண்டு முன்பு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கேசப் பர்ஹியும் அவர் குழுவினரும் மடித்தல் என்ற பொதுவான முறையிலிருந்து இத்தகைய அமைப்புகளைப் படிப்படியாக வருவித்துக் காட்டியிருந்தார்கள்.

தடங்கள் கூடக் கூட மாதிரிகள் காத்திருக்கும் நேரம் குறைகிறது. அதே விகிதத்தில் அருகருகே காத்திருக்கும் மாதிரிகள் கூடுகின்றன. பெருக்கிப் பார்த்தால், தடங்கள் சிலவாக இருக்கும்வரை நினைவகம் ஏறத்தாழ மாறாது. தடங்கள் 1024-ஐத் தொடும்போதுதான் அது பூச்சியமாகிறது. அந்த இடத்தில் தொலைவு முழுவதும் கம்பியாக மாறிவிட்டிருக்கும்.

5. முழு இணைநிலையும் தாம்சனின் எல்லையும்

5,120 பட்டாம்பூச்சிகளையும் சில்லிலேயே பதித்து, எல்லாவற்றையும் கம்பிகளால் இணைத்துவிட்டால் என்ன?

இந்தத் திசையில் முதல் பெரிய அடி மார்ஷல் பீஸ் 1968-இல் எழுதிய கட்டுரை. கட்டத்துக்குக் கட்டம் இடைவெளி மாறுவதால் கம்பி அமைப்பும் மாறுகிறது. பீஸ் எண்களை ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் மறுபடி அடுக்கி, எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே கம்பி அமைப்பு போதும் என்று காட்டினார். சீட்டுக்கட்டை நடுவில் பிரித்து, இரு பாதிகளிலிருந்தும் மாறி மாறி ஒவ்வொரு சீட்டாக விழவிட்டுக் கலைப்பதைப் போன்றது அந்த அடுக்கல். 1971-இல் ஹரல்ட் ஸ்டோன் இந்தக் கலைப்பையே இணைநிலைக் கணினிகளுக்கான பொது இணைப்பு முறையாக முன்வைத்தார்.

கட்டம் ஒன்றை மட்டும் பதித்துப் பத்து முறை சுற்றவிடலாம் என்பது பீஸ் அமைப்பின் லாபம். ஆனால் கம்பிகள் குறுகவில்லை. எவ்வளவுதான் குறுக்க முடியும் என்ற கேள்விக்கு கிளார்க் தாம்சன் 1979-இல் தொடங்கி விடை தேடினார். 1983-இல் ஃபூரியர் உருமாற்றத்தையே தனியாக எடுத்துக்கொண்டு பல சில்லு அமைப்புகளை ஒப்பிட்டார். அவருடைய வாதத்தைப் பலகையில் வரைந்துவிடலாம். சில்லை நடுவே ஒரு கோட்டால் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம், மாதிரிகளில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஒவ்வொரு விடைக்கும் எல்லா மாதிரிகளும் தேவை என்பதால், மொத்தத் தரவின் கணிசமான பங்கு அந்தக் கோட்டைத் தாண்டியே தீர வேண்டும். கோட்டைத் தாண்டும் கம்பிகளின் எண்ணிக்கை சில்லின் அகலத்தை மிஞ்ச முடியாது. ஆகவே அகலத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது, தாண்ட வேண்டிய தரவின் அளவுக்குக் குறையாது. சதுரச் சில்லில் அகலத்தின் வர்க்கம்தானே பரப்பு. இரு பக்கமும் வர்க்கமாக்கினால், பரப்பையும் நேரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிய தொகைக்கு ஒரு கீழ் எல்லை கிடைக்கிறது.

இதன் நடைமுறைப் பொருள் கடுமையானது. அந்த எல்லையைத் தொட்டுவிட்ட ஒரு சில்லில் உருமாற்ற நேரத்தைப் பாதியாக்க விரும்பினால் பரப்பு இருமடங்கு போதாது, நான்கு மடங்காக வேண்டும். இந்த எல்லையில் பெருக்கலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கணக்கிகளுக்குப் பரப்பே தேவையில்லை என்று வைத்துக்கொண்டாலும் எல்லை அப்படியே நிற்கும்.

கம்பியே இல்லாமல் முழு இணைநிலையை எட்டிய ஒரு கருவி சில்லுகளுக்கு முன்பே இருந்தது. கண்ணாடி வில்லையின் ஒரு குவியத்தளத்தில் படச்சுருளை வைத்து லேசர் போன்ற ஓரியல் ஒளியைப் பாய்ச்சினால், மறு குவியத்தளத்தில் அதன் இருபரிமாண ஃபூரியர் உருமாற்றம் தானாக விழுகிறது. 1957-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லோ ரன் ஆய்வகத்தில் செயற்கைத் துளை ரேடாரின் பதிவுகளைப் படமாக்க ஒளியியல் வழியைத்தான் கையாண்டார்கள். அப்போது லேசர் கிடையாது, பாதரச விளக்கோடு சமாளித்தார்கள். ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று தடையின்றிக் கடந்து செல்லும், கம்பிகளால் அது முடியாது.

6. வெளிவரும் வரிசை

பைப்லைனிலிருந்து விடைகள் இயல்பான வரிசையில் வருவதில்லை. இட எண்ணின் பிட்டுகளை வலமிருந்து இடமாகத் திருப்பிப் போட்ட வரிசையில் வருகின்றன. எட்டுப் புள்ளியில் அது 0, 4, 2, 6, 1, 5, 3, 7. இதைச் சரிசெய்யவும் நினைவகம் வேண்டும். 1024 புள்ளிகள் ஒவ்வொன்றாக வரும் தடத்தில் குறைந்தது 961 இடங்கள், அதாவது 31-இன் வர்க்கம். உருமாற்றத்துக்கு 1023, வரிசைப்படுத்த 961. இரண்டாவது செலவைப் பலரும் திட்ட மதிப்பீட்டில் மறந்துவிடுவார்கள்.

சில இடங்களில் அதைத் தவிர்க்கலாம். உருமாற்றம் செய்து, ஒரு வடிகட்டியால் பெருக்கி, மறுபடி நேர்மாறு உருமாற்றம் செய்வதுதான் வேலை என்றால், திருப்பிய வரிசையையே உள்ளீடாக ஏற்கும் நேர்மாறு அமைப்பை அடுத்து வைத்துவிடலாம். வரிசை தானாகச் சரியாகிவிடும்.

7. சில்லுக்குள் அடங்காத உருமாற்றங்கள்

புள்ளிகள் பத்து லட்சத்தைத் தாண்டும்போது தரவு சில்லுக்கு வெளியே, பெரிய நினைவகத்தில் இருக்கும். உள்ளே எடுத்து வந்து கணக்கிட்டு வெளியே அனுப்ப வேண்டும். இந்தப் போக்குவரத்துக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. 1981-இல் ஹாங்கும் எச். டி. குங்கும் அதை நிறுவினார்கள். உள் நினைவகத்தின் அளவு கூடும்போது போக்குவரத்து அதன் மடக்கையின் விகிதத்தில்தான் குறைகிறது என்பது அவர்கள் முடிவு. 1024 இடங்கள் கொண்ட உள் நினைவகத்தை வைத்துக்கொண்டு, போக்குவரத்தைப் பாதியாக்க ஆசைப்பட்டால், 2048 இடங்கள் போதாது. 10,48,576 இடங்கள் வேண்டும். அதாவது உள் நினைவகத்தையே வர்க்கமாக்க வேண்டும்.

நடைமுறையில் 10,48,576 புள்ளிகளை 1024 நிரைகளும் 1024 நிரல்களும் கொண்ட அணியாக அடுக்குகிறார்கள். முதலில் நிரல்வாரியாகச் சிறு உருமாற்றங்கள், பிறகு சுழற்றுக் காரணிகளால் ஒரு பெருக்கல், அதன்பின் நிரைவாரியாகச் சிறு உருமாற்றங்கள். இடையில் அணியை நிரை நிரல் மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது. டைனமிக் ரேம் அடுத்தடுத்த முகவரிகளைத் தொடர்ந்து படிக்கும்போது மட்டுமே வேகமாக ஓடும். 1024 இடம் தள்ளித் தள்ளிப் படித்தால் ஒவ்வொரு முறையும் புதிய நிரையைத் திறக்க நேர்ந்து வேகம் சரியும். அணியைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் உள்ளே கொண்டுவந்து திருப்புவதே வழக்கமான மருந்து.

இதே நிரை நிரல் மாற்றம் வானொலி வானியலில் கண்ணுக்குத் தெரியும் அளவில் நடக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பென்டிக்டன் அருகே உள்ள சைம் தொலைநோக்கிக்கு 2048 உள்ளீடுகள். ஒவ்வொன்றிலும் நொடிக்கு 80 கோடி மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட். மொத்தம் நொடிக்கு 13 டெராபிட்டுக்கு மேல். எஃப்.பி.ஜி.ஏ. என்னும் மறுநிரலாக்கச் சில்லுகள் கொண்ட 128 பலகைகள், பலகைக்கு 16 உள்ளீடுகள் வீதம், அலைகளை 1024 அலைவெண் தடங்களாகப் பிரிக்கின்றன. அடுத்த வேலை எல்லா உள்ளீடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது. அதற்கு 256 ஜி.பி.யு. கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கணினிக்கும் நான்கு அலைவெண் தடங்கள், ஆனால் 2048 உள்ளீடுகளும் வேண்டும். ஒரு பலகையிடம் 16 உள்ளீடுகளின் எல்லா அலைவெண்களும் இருக்கின்றன, ஒரு கணினிக்கோ எல்லா உள்ளீடுகளின் நான்கு அலைவெண்கள் தேவை. நொடிக்கு சுமார் 6.5 டெராபிட் தரவு பலகைகளுக்கு இடையே கட்டம் கட்டமாகக் கை மாறியே அங்கு போய்ச் சேர்கிறது. உருமாற்றக் கணக்கு ஒவ்வொரு எஃப்.பி.ஜி.ஏ.வின் உள்ளேயே முடிந்துவிடுகிறது. பெட்டிகளுக்கு இடையே இழுக்கப்பட்ட இணைப்புகள் எல்லாம் இந்தக் கைமாற்றத்துக்காகத்தான்.

புணே மாவட்டத்தில் நாராயண்காவ் அருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள் இருக்கின்றன. 400 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மேம்படுத்தியபோது அங்கே வேலைப் பங்கீடு வேறு விதமாக அமைந்தது. எஃப்.பி.ஜி.ஏ. பலகைகள் மாதிரியெடுத்துப் பொட்டலம் கட்டி அனுப்புகின்றன, ஃபூரியர் உருமாற்றமும் ஒப்பீடும் ஜி.பி.யு. கணினிகளில் நடக்கின்றன. 30 தட்டுகளுக்கு அது கட்டுப்படியாகிறது, மென்பொருளை மாற்றினாலே கருவி மாறிவிடும் என்ற வசதியும் கிடைக்கிறது.

எதிர்முனை எடுத்துக்காட்டு, புரத மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்க டி. இ. ஷா ஆய்வு நிறுவனம் கட்டிய ஆன்டன் கணினி. அங்கே தரவு மிகக் குறைவு. 32×32×32 புள்ளிகள் 512 சில்லுகளில் பரவியிருக்கின்றன, சில்லுக்கு 64 புள்ளிகள்தான். முப்பரிமாண உருமாற்றம் முழுவதும் 4 மைக்ரோ நொடியில் முடிந்துவிடுவதாக 2009-இல் அறிவித்தார்கள். சில்லுக்கு 64 எண்கள் மட்டும் இருக்கும்போது கணக்கு ஒரு பொருட்டே அல்ல. ஒரு சில்லிலிருந்து புறப்பட்ட சிறு செய்தி அடுத்ததைப் போய்ச் சேர எடுக்கும் தாமதம்தான் நேரத்தைத் தின்கிறது. ஆன்டனின் பின்னலமைப்பு முழுவதும் அந்தத் தாமதத்தைக் குறைப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது.

8. அமைப்பைத் தேர்வது

பொறியியல் மாணவர்கள் இந்த அவையில் நிறைய இருப்பதால், எந்த இடத்துக்கு எந்த அமைப்பு என்பதைச் சில எண்களோடு பார்ப்பது பொருந்தும்.

பழைய 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபையில் 64 புள்ளி உருமாற்றம், குறியீட்டுக்கு 4 மைக்ரோ நொடி. பட்டாம்பூச்சிகள் 32×6, அதாவது 192. கடிகாரம் 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் 4 மைக்ரோ நொடியில் 320 துடிப்புகள். ஒரே கணக்கியும் இரண்டாகப் பிரித்த நினைவகமும் தாராளமாகப் போதும், இங்கே பைப்லைன் கட்டுவது வீண் செலவு. எல்.டி.இ. கைபேசியில் 2048 புள்ளிகள், 11,264 பட்டாம்பூச்சிகள், 66.7 மைக்ரோ நொடி. 200 மெகாஹெர்ட்ஸில் 13,300 துடிப்புகளுக்கு மேல் கிடைப்பதால் இங்கும் ஒரு கணக்கி சமாளித்துவிடும். 5ஜி-யில் 4096 புள்ளிகள், 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்று எடுத்தால் 24,576 பட்டாம்பூச்சிகளை 33.3 மைக்ரோ நொடியில் முடிக்க வேண்டும். அதே 200 மெகாஹெர்ட்ஸில் கைவசம் இருப்பது 6,600 சொச்சம் துடிப்புகள். நான்கு கணக்கிகள் வேண்டும், அல்லது பைப்லைனுக்கு மாற வேண்டும்.

கோபுரத்தில் இருக்கும் 64 அலைவாங்கி நிலையத்தில் இந்தத் தேவை 64 மடங்கு. ஒவ்வொரு அலைவாங்கிக்கும் ஒரு பைப்லைன் வைக்கலாம். மாதிரி வேகம் நொடிக்கு 12.288 கோடி என்பதால், கடிகாரத்தை அதன் நான்கு மடங்கில் ஓட்ட முடிந்தால் நான்கு அலைவாங்கிகளின் மாதிரிகளை மாற்றி மாற்றி ஒரே பைப்லைனில் விடலாம். அப்போது கூட்டிகளும் பெருக்கிகளும் நான்கில் ஒரு பங்காகின்றன. பதிவகங்கள் மட்டும் ஒவ்வொன்றும் நான்கு மடங்கு நீள வேண்டியிருப்பதால், மொத்த நினைவகம் தனித்தனியாகக் கட்டியிருந்தால் எவ்வளவோ அவ்வளவேதான்.

மின்கலத்தில் ஓடும் சிறு உணரிகளில் அவசரம் இல்லை, மின்சாரச் சிக்கனமே முதன்மை. சென்னையில் பிறந்து எம்.ஐ.டி.யில் பேராசிரியராக உள்ள அனந்த சந்திரகாசனும் அவர் மாணவி ஆலிஸ் வாங்கும் 2005-இல் வெளியிட்ட 1024 புள்ளிச் செயலி, வெறும் 180 மில்லிவோல்ட்டில் ஓடியது. டிரான்சிஸ்டர்கள் முழுமையாகத் திறக்கும் அழுத்தத்துக்கும் கீழே உள்ள நிலை அது. மிகக் குறைந்த ஆற்றல் செலவானதோ 180-இல் அல்ல, 350 மில்லிவோல்ட்டில். அதற்குக் கீழே போனால் ஓட்டம் மந்தமாகி, கணக்கு நடந்து முடியும்வரை கசியும் மின்னோட்டமே செலவைக் கூட்டிவிடுகிறது. இவ்வளவு குறைந்த அழுத்தங்களில் வழக்கமான நினைவகக் கலங்கள் ஒழுங்காகப் படிக்கவும் எழுதவும் முடியாமல் போனதால், கூட்டிகளையும் பெருக்கிகளையும் போலவே நினைவகத்தையும் அவர்கள் புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது.